ஆறு துண்டாக வந்த பதிவு

மஞ்சள் நூல் சுற்றிய கேபிள் ஒன்று என் மேசை மேல் கிடக்கிறது. நூல் நீ சுற்றியது. நம் சோதனைப் பிரிவில் இருக்கிற எல்லா கேபிளும் ஒரே கறுப்பு, உன்னுடையதை யாராவது எடுத்துக்கொண்டு போய்விடுகிறார்கள் என்று, ஓர் ஆயுத பூஜையன்று வண்டிகளுக்குக் கட்டியது போக மீந்த நூலை இதில் சுற்றினாய். "இதத் தொட்டவன் வண்டி ஸ்டார்ட் ஆவாது" என்று எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னாய். அதற்குப் பிறகு யாரும் தொடவில்லை. நீ போன பிறகும் தொடவில்லை.

திங்கட்கிழமை காலையில் நான்தான் தொட்டேன். புது வண்டி ஒன்றுக்காக, மோசமான ரோட்டில் எடுத்த பழைய பதிவுகள் வேண்டும் என்றார்கள். அலமாரியின் கீழ்த்தட்டில் உன் பெட்டி இருந்தது. உள்ளே இந்தக் கேபிளும், அது வழியாக வண்டியில் நடப்பதையெல்லாம் பதிந்துவைக்கிற கருவியும். கருவியின் மெமரி கார்டில் நீ கடைசியாக ஓட்டிய நாள் அப்படியே இருந்தது. திறந்து பார்த்தேன். பக்கத்து மேசைக்காரர் வந்து தோளைத் தொட்டு "என்னாச்சு சார்" என்று கேட்டபோதுதான், நான் எழுந்து நின்றுகொண்டிருக்கிறேன் என்பதே எனக்குத் தெரிந்தது. இன்று வெள்ளி. அந்த அதிர்ச்சி இன்னும் இறங்கவில்லை. சோறு இறங்கவில்லை. இந்தக் கடிதம் உனக்கு வந்து சேராது என்று தெரியும். ஆனாலும் உன்னிடம் சொல்லாமல் என்னால் இருக்க முடியவில்லை.

ஏழு வருஷம் நாம் ஒரே வண்டியில் உட்கார்ந்திருக்கிறோம். நீ ஸ்டீயரிங்கில், நான் பக்கத்தில் மடியில் லேப்டாப்போடு. ஆபீசுக்குள் எல்லார் முன்னாலும் என்னை "சார்" என்பாய். கேட்டைத் தாண்டி பெல்ட் போட்டதும் நான் "ஏம்பா" ஆகிவிடுவேன். போனில் அனுப்புகிற செய்தியிலும் அப்படித்தான். நான் தென்காசிப் பக்கத்துக்காரன், வாய் தவறி "ஏல" என்று ஒரு தடவை சொல்லிவிட்டால் அன்று முழுக்க வழியில் போகிற மாட்டைக்கூட "ஏல" என்று கூப்பிட்டு என் மானத்தை வாங்குவாய்.

வந்த புதிதில் நீ கேட்ட கேள்வி நினைவிருக்கிறது. "ஏம்பா, நாலு சிலிண்டர்ல ஒண்ணு அடிக்கலைன்னா லைட் எரியுது. எத்தனாவது சிலிண்டர்னும் அந்தப் பொட்டி சொல்லுது. அதுக்கு எப்பிடித் தெரியும்? உள்ள கேமரா கீமரா வெச்சிருக்கீங்களா?"

உனக்குச் சொன்னேன். நீ பொட்டி என்கிற வண்டியின் கம்ப்யூட்டர் சிலிண்டருக்குள் எட்டிப் பார்ப்பதே இல்லை. எஞ்சினின் கிராங்க் தண்டோடு ஒரு பல் சக்கரம் சுற்றுகிறது. அதற்கு எதிரே ஒரு சென்சார், பற்கள் தன்னைக் கடந்து போக எவ்வளவு நேரம் எடுக்கிறது என்பதை மட்டும் பார்த்துக்கொண்டே இருக்கும். சிலிண்டரில் பெட்ரோல் எரிந்தால் அது தண்டை ஒரு தள்ளு தள்ளும், பற்கள் வேகமாகக் கடக்கும். எரியாமல் போனால் அந்தத் தள்ளு கிடைக்காது. அந்த இடத்தில் பற்கள் துளி சுணங்கிக் கடக்கும். நம் கண்ணுக்கும் காதுக்கும் பிடிபடாத சுணக்கம், பெட்டிக்குப் பிடிபடும். அந்த நேரத்தில் எந்த சிலிண்டரின் முறை என்பதைக் வால்வுகளைத் திறந்து மூடுகிற கேம் தண்டில் இருக்கிற இன்னொரு சென்சார் சொல்லிவிடும். இப்படி எரியாமல் போவதுதான் மிஸ்ஃபயர். ஒரு தடவை என்றால் பெட்டி பேசாமல் குறித்துக்கொள்ளும். ஆயிரம் சுற்றில் இத்தனை என்று வைத்த அளவைத் தாண்டினால்தான் விளக்கைப் போடும். எரியாத பெட்ரோல் சைலன்சர் பக்கம் போய் அங்கே புகையைச் சுத்தம் செய்கிற கன்வெர்ட்டரையே சுட்டுவிடும் என்கிற நிலைமை வந்தால் விளக்கை மினுக்கும்.

நீ முன்னால் போன லாரியை முந்தினாய். பிறகு, "நாலு பேரு சாமி தூக்கறப்ப ஒருத்தன் தோளக் குடுக்காம சும்மா கூட நடந்தான்னா நடை தட்டும்ல. எவன்னு மொகத்தப் பாக்க வேணாம், நடையப் பாத்தாப் போதும். அதான?" என்றாய். அதேதான். நான் இரண்டு செமஸ்டர் படித்து பாஸ் செய்த பாடம் அது. உன்மேல் எனக்குக் கொஞ்சம் பொறாமையாகக்கூட இருந்தது.

நம் வேலை அந்தப் பெட்டியைச் சோதிப்பது. நான் ஒரு கருவியை வைத்து வேண்டுமென்றே ஒரு சிலிண்டரின் ஸ்பார்க்கை வெட்டுவேன். பெட்டி கண்டுபிடிக்கிறதா என்று திரையில் பார்ப்பேன். பெட்டிக்கு முன்னால் நீ சீட்டிலேயே உணர்ந்து "தட்டிச்சு" என்பாய். எத்தனாவது சிலிண்டர் என்று கேட்டால், "அத உன் பொட்டியக் கேளு. என் இடுப்பு அவ்ளோ படிக்கல" என்பாய். ஆயுத பூஜையன்று சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கும்போது, "ஏம்பா, இத மேடு பள்ளம்னு எழுதிக்குமா, மிஸ்ஃபயர்னு எழுதிக்குமா?" என்று நீ கேட்க, சூடம் காட்டிக்கொண்டிருந்த மேனேஜரே சிரித்துவிட்டார்.

மேடு பள்ளத்தில்தான் நமக்குச் சண்டை வரும். சானமாவு காட்டை ஒட்டி, லாரி ஓடி ஓடிக் குண்டும் குழியுமான அந்த ரோட்டில் உன்னை எத்தனை தடவை ஓட்ட வைத்திருப்பேன். சக்கரம் பள்ளத்தில் விழுந்து எழும்போது அந்த உலுக்கல் அச்சு வழியாக, கியர் வழியாக ஏறி எஞ்சினின் பல் சக்கரம் வரைக்கும் போகும். பெட்டிக்கு அது சிலிண்டர் அடிக்காதது போலவே தெரியும். பொய்யாக விளக்கு எரிந்தால் வண்டி வாங்கியவர் சட்டையைப் பிடிப்பார். அதனால் பெட்டிக்கு ஒரு வழி சொல்லிவைத்திருந்தோம்: சக்கரங்களின் வேகம் தாறுமாறாகக் குதித்தால் இது மோசமான ரோடு, அந்த நேரத்தில் கிராங்க் எப்படித் தடுமாறினாலும் கண்டுகொள்ளாதே. எவ்வளவு குதித்தால் கண்டுகொள்ளாமல் விடலாம் என்று முடிவு செய்வது என் வேலை.

"அப்ப பள்ளத்துல போறப்ப நெஜமாவே ஒண்ணு அடிக்கலைன்னா?" என்று கேட்டாய்.

"விட்டுரும். நல்ல ரோட்டுக்கு வந்த பிறகு பார்த்துக்கும்."

"அது வரைக்கும்?"

"அது வரைக்கும் தெரியாது."

"நல்லா இருக்குதுபா உங்க ஞாயம்" என்று சொல்லிவிட்டு அடுத்த பள்ளத்தில் வேண்டுமென்றே வேகமாக இறக்கினாய். என் லேப்டாப் துள்ளி முகவாயில் இடித்தது.

இன்னொரு சண்டை, நிறுத்துவதைப் பற்றி. எஞ்சினை அணைத்து மறுபடி போட்டால் கருவி புதிதாக ஒரு பதிவைத் தொடங்கிவிடும். ஒரே ஓட்டமாக வரவேண்டியது துண்டு துண்டாகும், ஒட்டவைப்பதற்குள் எனக்கு உயிர் போகும். பதினைந்து நிமிஷத்துக்குக் குறைந்த துண்டில் எண்ணிக்கை சரியாக அமையாது என்று அவற்றைத் திறக்காமலே தூக்கிப் போடுவது நம் வழக்கம். ஒரு தடவை பதிவு இரண்டாக வந்ததற்கு உன்னைப் பிடித்துக் கத்தினேன். சானமாவில் யானைக் கூட்டம் ரோட்டைக் கடந்ததால் வண்டியை அணைத்துவிட்டுக் காத்திருந்தாயாம். "யானைகிட்ட உன் பைலக் காட்டி வழி கேட்டிருக்கணுமா?" என்றாய். அதிலிருந்து பதிவு உடைந்து வந்தால் "யானையா, டீயா?" என்று நான் கேட்பதும், "யானை டீ குடிச்சுது" என்று நீ சொல்வதும் வாடிக்கையாகிவிட்டது.

அந்தக் கடைசி நாளுக்கு வருகிறேன்.

எனக்கு மீட்டிங் இருந்ததால் நீ தனியாகப் போனாய். ஓசூரிலிருந்து கிருஷ்ணகிரி, திரும்பும்போது சானமாவு ரோடு. சாயங்காலம் வந்து கருவியை என் மேசையில் வைத்தாய். "வெயில் சார், தல வலிக்குது, கெளம்பறன்" என்றாய். நான் திரையிலிருந்து தலையைத் திருப்பவில்லை. "ம்" என்றேன். நீ எப்படி நின்றாய், முகம் எப்படி இருந்தது, எதுவும் எனக்குத் தெரியாது. உன் செருப்புச் சத்தம்கூட நினைவில் இல்லை.

பதிவு ஆறு துண்டாக இருந்தது. எரிச்சலாக வந்தது. சின்னத் துண்டு மூன்றையும் ஒதுக்கிவிட்டேன். பெரிய மூன்றில் மிஸ்ஃபயர் எண்ணிக்கை வருகிற ஒரே ஒரு வரிசையை மட்டும் மேலிருந்து கீழே ஓடவிட்டுப் பார்த்தேன். எல்லாம் சுழியம். எஞ்சின் சுத்தம். உனக்குச் செய்தி அனுப்பினேன்: "யானையா, டீயா? ஆறு துண்டு. நாளைக்காவது நிறுத்தாம ஓட்டுப்பா."

பதில் வந்தது. "சரி சார்."

போனில் நீ என்னை "சார்" என்று எழுதியது அந்த ஒரு தடவைதான். கோபித்துக்கொண்டாய் என்று நினைத்தேன். காலையில் ஒரு டீ வாங்கிக் கொடுத்துச் சமாதானம் செய்துகொள்ளலாம் என்று விட்டுவிட்டேன்.

காலையில் ஷூ லேஸ் கட்டக் குனிந்தவன் நீ நிமிரவில்லை. நாற்பத்திரண்டு வயது. ஆஸ்பத்திரியில் டாக்டர் உன் மனைவி மஞ்சுளாவையும் என்னையும் நிற்க வைத்துக் கேட்டார், நேற்று ஏதாவது சொன்னாரா, நெஞ்சு வலி, வேர்வை, மூச்சு வாங்குகிறது என்று. மஞ்சுளா இல்லை என்றாள். நானும் இல்லை என்றேன். மனதறிந்து பொய் சொல்லவில்லை. அதுதான் இப்போது என்னை அதிகம் பயமுறுத்துகிறது.

நாகரசம்பட்டியில் உன்னைத் தூக்கிய நாலு பேரில் நானும் ஒருவன். உன் அப்பா கூலிக்குக் காய் பறித்த தோப்பு என்று நீ ஒரு தடவை காட்டிய மாந்தோப்பின் வேலியை ஒட்டித்தான் போனோம். ரோடு மோசம். என் நடை தட்டிக்கொண்டே இருந்தது. முன்னால் போன உன் சித்தப்பா திரும்பிப் பார்த்து, "தம்பி, முடியலன்னா தோள மாத்திக்கிங்க" என்றார். நான் மாற்றவில்லை.

காரியம் முடிந்த அன்று மஞ்சுளா என்னைத் தனியாகக் கூப்பிட்டாள். "எல்லாம் என்னாலதாண்ணா" என்றாள். "அன்னைக்குக் காலையில தண்ணி கேன் வந்துச்சு. நான்தான் மேல தூக்கியாரச் சொன்னன். ரெண்டு மாடி. கொண்டாந்து வெச்சிட்டு, ஒக்காந்து ஷூ போட்டாரு. அவ்ளோதான்." அப்படியெல்லாம் இல்லை என்று வாய்க்கு வந்ததைச் சொன்னேன். "முந்தின நாள் ஆபீஸ்ல நல்லாத்தான இருந்தாரு?" என்று கேட்டாள். "நல்லா இருந்தாரும்மா. சிரிச்சிட்டுத்தான் கிளம்பினாரு" என்றேன். ஆறுதலுக்குச் சொன்னது. அது அவள் நெஞ்சில் எப்படி இறங்கியிருக்கும் என்று அப்போது எனக்கு உறைக்கவில்லை. முந்தின நாள் நன்றாக இருந்த ஆள் என்றால், அப்புறம் கேன்தானே கொன்றிருக்கும். அன்றிலிருந்து அவள் வீட்டில் தண்ணீர் கேன் கிடையாது. கீழே குழாயில் பிடித்துக் குடம் குடமாகத் தானே தூக்குகிறாள். ஒன்றரை வருஷமாக.

திங்கட்கிழமை நான் ஆறு துண்டையும் திறந்தேன். இந்தத் தடவை வேண்டியது மோசமான ரோடு என்பதால் வேகம், பிரேக், ஆக்சிலரேட்டர், ஏசி, வண்டி நின்ற இடம் எல்லாவற்றையும் பார்த்தேன். கிருஷ்ணகிரி வரைக்கும் ஒழுங்கான ஓட்டம். திரும்பும் வழியில், குருபரப்பள்ளி பக்கத்தில், எண்பதில் போன வண்டி சட்டென்று ஓரம் கட்டியிருக்கிறது. நின்ற வண்டியில் ஏசி கடைசி அளவில் ஓடியிருக்கிறது, பன்னிரண்டு நிமிஷம். நீ ஏசி போடுகிற ஆள் கிடையாது. மே மாதத்தில்கூடக் கண்ணாடியை இறக்கிவிட்டு என்னை வேகவைப்பாய். ஏசி என்ற அந்த ஒரு சொல்லைப் பார்த்ததும் எனக்குத் தூக்கிவாரிப் போட்டது.

பிறகு எஞ்சின் அணைந்திருக்கிறது. இருபது நிமிஷம் கழித்து ஒன்பது நிமிஷ ஓட்டம், மறுபடி நிறுத்தம். ஏழு நிமிஷ ஓட்டம், நிறுத்தம். பதினோரு நிமிஷ ஓட்டம், நிறுத்தம். சானமாவு ரோட்டில் ஆக்சிலரேட்டர் அழுத்துவதும் விடுவதுமாக, அழுத்துவதும் விடுவதுமாக, பதினைந்து கிலோமீட்டர் வேகத்தில் ஊர்ந்திருக்கிறாய். அந்த இடம் முழுக்கப் பெட்டி "மோசமான ரோடு" என்று குறித்துக்கொண்டு போயிருக்கிறது. கடைசித் துண்டில், நல்ல நெடுஞ்சாலையில், முப்பதைத் தாண்டாமல் நம் கேட் வரைக்கும். அப்படியும் அந்தச் சோதனை ரோட்டை விடாமல் முடித்திருக்கிறாய். எனக்காகத்தான் முடித்திருக்கிறாய் என்று நினைக்கும்போது உன்மேல் ஆத்திரமாக வருகிறது.

எஞ்சினையும் இதயத்தையும் ஒப்பிட்டுப் பேசுவது எனக்குப் பிடிக்காது. ஆனால் ஒன்று சொல்லியே ஆகவேண்டும். ஒரு தண்டு துளி சுணங்கினால் கண்டுபிடிக்கிறவன் என்று சம்பளம் வாங்குகிறேன். நீ ஐந்து தடவை நின்றது நேரத்தோடு, இடத்தோடு என் கையில் இருந்தது. அதைச் சின்னத் துண்டு என்று ஒதுக்கிவிட்டு, நிறுத்தாமல் ஓட்டு என்று உனக்குச் செய்தி அனுப்பினேன்.

செவ்வாய், புதன் இரண்டு நாளும் எனக்குள் வழக்கு நடந்தது. சொல்லாவிட்டால் மஞ்சுளா ஆயுசுக்கும் அந்தக் கேனைச் சுமப்பாள். சொன்னால் என் முகத்தில் விழிக்கமாட்டாள். பொய் சொல்லிக்கொள்ள நல்ல சாக்குகள் நிறையக் கிடைத்தன. ஒன்றும் நிற்கவில்லை.

வியாழன் சாயங்காலம் அந்த ஆறு துண்டையும் ஒரே தாளில் அச்சடித்து எடுத்துக்கொண்டு போனேன். மஞ்சுளா ரோஜாப் பண்ணையில் பேக்கிங் முடித்து அப்போதுதான் வந்திருந்தாள். கையில் குடம். "இன்னாண்ணா, போன் கூடப் பண்ணாம" என்றாள்.

நின்றபடியே சொன்னேன். "முந்தின நாள் நல்லா இருந்தாருன்னு சொன்னேன்லம்மா. அவரு நல்லா இல்ல. வழியில அஞ்சு தடவ வண்டிய நிறுத்தியிருக்காரு. அந்தக் கேன் ஒண்ணும் பண்ணல. முந்தின நாளே ஆரம்பிச்சிருச்சு. எல்லாம் என் கையிலதான் இருந்துச்சு. நான் பாக்கல." செய்தியையும் காட்டினேன். நிறுத்தாம ஓட்டுப்பா, சரி சார். அதையும் மறைக்கவில்லை.

அவள் குடத்தைக் கீழே வைத்துவிட்டுத் தாளை வாங்கினாள். முதல் நிறுத்தத்தின்மேல் விரலை வைத்து, "இது எத்தன மணி?" என்று கேட்டாள்.

"பன்னண்டு நாப்பது."

அவள் அப்படியே சுவரோடு சாய்ந்து உட்கார்ந்துவிட்டாள். முகத்தில் ரத்தம் இல்லை. "அந்நேரம் எனக்கு போன் பண்ணாருண்ணா. பகல்ல எப்பவும் பண்ண மாட்டாரு. இன்னா இன்னைக்குன்னு கேட்டன். சும்மாதான், உன் கொரலக் கேக்கலாம்னுன்னாரு. மேஸ்திரி பாக்கறாரு, வேல நேரத்துல இன்னா வெளையாட்டுன்னு சொல்லி வெச்சிட்டன்."

நானும் படியில் உட்கார்ந்தேன்.

"அடுத்த வாரம் மெடிக்கல் செக்கப்புன்னு பயந்துட்டே இருந்தாரு" என்றாள். "ஏதாச்சும் இருந்தா சீட்ட வுட்டு எறக்கிருவாங்கன்னு. அதான் வாயத் தொறக்கல." பிறகு தாளைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்: "வாயத் தொறக்கலன்னு சொல்றன் பாருங்க. ரெண்டு பேர்ட்டயும் சொல்லியிருக்காருண்ணா. நமக்குத்தான் கேக்கல."

அவள் "நமக்கு" என்றது மன்னிப்பா, தீர்ப்பா என்று எனக்குத் தெரியாது. கேட்கவும் தைரியம் இல்லை. "நீங்க கெளம்புங்கண்ணா. நான் கொஞ்சம் அழுவணும்" என்றாள். பாதிப் படி இறங்கியிருப்பேன். மேலிருந்து அவள் குரல் வந்தது. "கீழ தண்ணி வண்டி நின்னுச்சுன்னா ஒரு கேன் போடச் சொல்லுங்க."

வண்டி நின்றது. ஒன்றை நானே வாங்கித் தோளில் வைத்து இரண்டு மாடி ஏறினேன். கதவு சாத்தியிருந்தது. வாசலில் இறக்கி வைத்துவிட்டு வந்தேன்.

உன் கேபிளை இனி அலமாரியில் வைக்கப் போவதில்லை. நம் வழக்கத்தை இன்று காலை மாற்றிவிட்டேன். சின்னத் துண்டுகளைத்தான் இனி முதலில் திறக்கவேண்டும், ஓட்டியவரிடம் பேசாமல் ஒன்றையும் ஒதுக்கக் கூடாது. மத்தியானம் நம் டிரைவர் ஒருவருக்கு, பதிவு ஏன் இரண்டாக இருக்கிறது என்று செய்தி அனுப்பினேன். "டீ சார், இனிமே நிறுத்தல, சரி சார்" என்று பதில் வந்தது. வெறும் டீதான். ஆனாலும் லேப்டாப்பை மூடிவிட்டு, மூன்று கட்டடம் தாண்டி நடந்து போய், அவர் முகத்தைப் பார்த்துவிட்டு வந்தேன்.